பேரிடர் காலத்தில் முதியவர்களுக்குத் துணை நிற்பது எப்படி: பட்டியல் போடுவதில் இருந்து வீடு திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

வயதானவர் இருக்கும் குடும்பங்களுக்கும், குடியிருப்பில் பொறுப்பெடுத்துச் செய்பவர்களுக்கும், நிவாரண முகாமில் முதல்முறை வேலை செய்யப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வெள்ளம், புயல், நிலநடுக்கம், போரால் இடம்பெயர்வது என்று எதுவாக இருந்தாலும் படிகள் ஏறக்குறைய இவைதான்.

வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பொருள் கொடுப்பதில் ஆரம்பிக்கிறார்கள். வரிசையில் நிற்கத் தெம்பிருப்பவர் வாங்கிக்கொண்டு போகிறார். நிற்க முடியாதவர் வரவே இல்லை என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. அதனால் முதல் வேலை தேடுவது, கொடுப்பது அதற்குப் பிறகு.

1. யார் எங்கே இருக்கிறார் என்று முன்பே எழுதி வையுங்கள்

எச்சரிக்கை வந்த பிறகு பட்டியல் போட முடியாது. மழைக்காலமோ கோடைக்காலமோ தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

வயதை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியல் உதவாது. 82 வயதில் மாடிப்படி ஏறுபவரும் இருக்கிறார், 63 வயதில் கட்டிலை விட்டு இறங்க முடியாதவரும் இருக்கிறார். அதற்குப் பதிலாக, ஊனம் பற்றிய கணக்கெடுப்புக்காக ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழுவின், பன்னாட்டு அளவில் பயன்படுத்தப்படும் 6 கேள்விகளைக் கேளுங்கள்: கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா? காது மிஷின் வைத்தும் கேட்பதில்? நடப்பதில், படி ஏறுவதில்? நினைவில் வைப்பதில், கவனம் செலுத்துவதில்? குளிப்பது, உடுத்துவது போன்றவற்றில்? மற்றவர் பேசுவதைப் புரிந்துகொள்வதிலும் தான் சொல்வதைப் புரியவைப்பதிலும்? ஒவ்வொன்றுக்கும் ‘சிரமமில்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது’ என்று நான்கில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘உங்களுக்கு ஊனம் இருக்கிறதா?’ என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். ‘படி ஏறுவது கஷ்டமா இருக்காம்மா?’ என்று கேட்டால் உண்மை வரும்.

ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் பக்கத்தில் வசிக்கும் இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். ஒருவர் மட்டும் போதாது, அன்றைக்குப் பார்த்து அவர் வெளியூரில் இருப்பார்.

பட்டியல் காகிதத்திலும் இருக்கட்டும். மின்சாரம் போய் இரண்டாம் நாள் ஆனால் போனில் இருக்கும் பட்டியல் கையில் இல்லாத மாதிரிதான். அதே சமயம், யார் தனியாக இருக்கிறார் என்ற விவரம் தவறான கைக்குப் போகக்கூடாது. பொது வாட்ஸப் குழுவில் போடாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டே ஆக வேண்டும்: ‘நீங்கள் யாரையாவது பார்த்துக்கொள்கிறீர்களா?’ பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டி, மறதி நோய் வந்த மனைவியைக் கவனிக்கும் தாத்தா என்று பலர் உண்டு. அவரை மட்டும் அழைத்தால் வரமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இடமும் வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

2. ஒரு பை தயார் செய்யுங்கள்

அந்த முதியவரே தூக்கக்கூடிய எடையில் ஒரே பை. தோளில் மாட்டும் பை என்றால் கைத்தடிக்கும் கைப்பிடிக்கும் கை காலியாக இருக்கும்.

பையில் முதலில் போக வேண்டியது மாத்திரை. குறைந்தது 7 நாளுக்கு வேண்டும், 14 நாளுக்கு முடிந்தால் இன்னும் நல்லது. இதில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு சிக்கல் உண்டு. பட்டையைக் கத்தரியால் வெட்டி, தேவையான நான்கு மாத்திரையை மட்டும் எடுத்து வந்திருப்பார்கள். மருந்தின் பெயரும் அளவும் மீதித் துண்டில் வீட்டிலேயே இருக்கும். முகாம் மருத்துவரிடம் ‘சின்ன வெள்ளை மாத்திரை, காலையில் ஒண்ணு’ என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆகவே பட்டையை முழுசாக வையுங்கள். மருந்துச் சீட்டின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்பக்கம் பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள்: என்ன நோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்கு ஒவ்வாமை, யாருக்குப் போன் செய்வது.

அடுத்து, உடம்போடு சேர்ந்த பொருட்கள். பழைய கண்ணாடி ஒன்று கூடுதலாக, காது மிஷினுக்கு பேட்டரி, பல்செட்டும் அதற்கு மூடியுள்ள டப்பாவும், வழுக்காத செருப்பு. சிறுநீர் கட்டுப்படாதவர் என்றால் டயப்பரும் மாற்று உள்ளாடைகளும். இவற்றை அவர்களே கேட்க வெட்கப்படுவார்கள், நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள்.

டார்ச், விசில், அடையாள அட்டை நகல்கள், கொஞ்சம் ரொக்கம், ஒரு போர்வை. பை முடிந்தது. 3 மாதத்துக்கு ஒருமுறை மாத்திரைகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

3. எச்சரிக்கை வந்ததும் முதலில் இவர்களைக் கிளப்புங்கள்

2005இல் கத்ரீனா சூறாவளியில் லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2011 ஜப்பான் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட 60 வயதைக் கடந்தவர்கள். மெதுவாக நடப்பவருக்கு அதிக நேரம் வேண்டும். எல்லோரும் கிளம்பும்போது அவர்களும் கிளம்பினால் நேரம் போதாது.

ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டோம் என்று விடாதீர்கள். காது மந்தமானவருக்கு அது வெறும் இரைச்சல். கதவைத் தட்டி, முகத்துக்கு நேராக நின்று, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி, கத்தாமல், மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். கத்தினால் சொல் சிதையும்.

‘நான் வரலை, நீங்க போங்க’ என்று சொல்பவர்தான் மிகக் கடினம். இழுக்காதீர்கள், வாதாடவும் வேண்டாம். ‘ஐயா, எதை விட்டுட்டு வர மனசில்லை?’ என்று கேளுங்கள். காரணம் பெரும்பாலும் கைக்கு எட்டுவதாகத்தான் இருக்கும். வளர்க்கும் ஆடு, பத்திரம் வைத்த பெட்டி, முகாமில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற பயம், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற எண்ணம். ஆட்டுக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுத்தால் ஆள் கிளம்பிவிடுவார்.

தூக்க வேண்டி வந்தால் அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். வயதானவரின் தோள் எளிதில் நழுவும், எலும்பு முறியும், தோல் கிழியும். உறுதியான, முதுகுச் சாய்வுள்ள நாற்காலியில் உட்கார வைத்துத் துணியால் இடுப்பைக் கட்டி, இரண்டு பேர் தூக்குங்கள். படியில் இறக்கும்போது அவர் கால்பக்கம் முன்னால் வரட்டும். ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் ‘இப்போ தூக்கப் போறோம்மா’ என்று சொல்லுங்கள்.

வாக்கர், சக்கர நாற்காலி, கைத்தடி எல்லாம் அதே வண்டியில் வர வேண்டும். ‘பிறகு கொண்டு வரலாம்’ என்று விட்டால், முகாமில் அவர் படுத்த படுக்கைதான். தானாக நடந்து வந்தவர் நடக்க முடியாதவர் ஆவது இப்படித்தான். குடும்பத்தைப் பிரிக்காதீர்கள். வண்டி போதாமல் பிரிக்க நேர்ந்தால், யார் எந்த வண்டியில் எங்கே போகிறார் என்று எழுதி இரண்டு தரப்பிடமும் கொடுங்கள்.

4. முகாமில் முதல் ஒரு மணி நேரம்: படுக்கையும் கழிப்பறையும்

ஜப்பானில் 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தில் நேரடியாக இறந்தவர்கள் 50 பேர். அதற்குப் பின் இடம்பெயர்ந்த வாழ்க்கையாலும் அலைச்சலாலும் நோய் முற்றியும் இறந்தவர்கள் 200க்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். முகாமின் தரையும் கழிப்பறையும் உயிர் காக்கும் விஷயங்கள்தான்.

முதியவர்களுக்குக் கழிப்பறைக்கு அருகில் இடம் ஒதுக்குங்கள். மனிதாபிமானப் பணிக்கான ஸ்பியர் தரநிலைகளின்படி, தங்கும் இடத்துக்கும் பொதுக் கழிப்பறைக்கும் 50 மீட்டருக்கு மேல் தூரம் இருக்கக்கூடாது. முதியவருக்கு அதுவே அதிகம். இடையில் படி, கயிறு, கூடாரத்தின் ஆணி எதுவும் இருக்கக்கூடாது. இரவில் விளக்கு எரிய வேண்டும்.

கழிப்பறை தூரம் என்றால் முதியவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். யாரிடமும் சொல்லமாட்டார். இரண்டு நாளில் மயக்கம், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, குழப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில் வருவதைப் பார்த்துவிட்டு ‘வயசாயிடுச்சு, அதான்’ என்று விட்டுவிடுகிறோம்.

கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியோ கட்டையோ பொருத்துங்கள். குந்தி உட்கார முடியாதவருக்கு, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியைக் குழிக்கு மேல் வைத்தால் போதும். நாற்காலி ஆடாமல் இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இரவுக்கு மூடியுள்ள வாளி, ஒரு மறைப்புத் துணி.

படுக்கை தரையில் வேண்டாம். தரையில் படுத்தவர் எழுந்திருக்க ஆள் தேட வேண்டும், அதனால் எழுந்திருக்கவே மாட்டார். குளிரும் தூசியும் தரை மட்டத்தில்தான் அதிகம். கட்டில் இல்லையென்றால் பெஞ்சு, கதவுப் பலகை, கெட்டியான அட்டைப்பெட்டிகளை அடுக்கிச் செய்த மேடை, எதுவானாலும் சரி. உட்கார்ந்தால் பாதம் தரையில் பட வேண்டும், அந்த உயரம்தான் சரி.

குளிர் காலமாக இருந்தால் முதலில் ஈரத் துணியை மாற்றுங்கள், போர்வை அதற்கப்புறம். வயதானவருக்கு உடம்பு குளிர்ந்தாலும் நடுக்கம் வராமல் போகலாம். தூக்கக் கலக்கமும் உளறலும்தான் அறிகுறியாகத் தெரியும்.

5. 24 மணி நேரத்துக்குள் மருந்துச் சங்கிலியை ஒட்டுங்கள்

காயம் பார்க்கும் குழு ஓடிக்கொண்டிருக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ‘பிறகு’ ஆகிவிடும். ஆனால் சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து: இன்சுலின், வலிப்பு மருந்து, நாள்பட எடுக்கும் ஸ்டீராய்டு, இதயத்துக்கான பீட்டா பிளாக்கர். இவற்றை எடுப்பவர்களின் பெயரைத் தனியாக எழுதி, முதல் நாளே மருத்துவரிடம் கொடுங்கள். டயாலிசிஸ் செய்பவருக்கும் ஆக்சிஜன் மிஷினில் இருப்பவருக்கும் மணி நேரக் கணக்குதான். அவர்களை முகாமில் வைத்திருக்காமல் மின்சாரம் உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

குளிர்பெட்டி இல்லையென்று இன்சுலினை எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலான வகைகள் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறக்குறைய 4 வாரம் தாங்கும். வெயில் படாமல், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸில் நேராக வைத்து உறைந்துபோனதுதான் பயன்படாது.

இரண்டு தவறுகள் கண்ணில் பட்டால் உடனே நிறுத்துங்கள். ஒன்று, பக்கத்துப் படுக்கைக்காரரின் பிபி மாத்திரையைக் கடன் வாங்குவது. இன்னொன்று, சரியாகச் சாப்பிடாத நிலையில் வழக்கமான அளவு சர்க்கரை மருந்து போடுவது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் வியர்வை, நடுக்கம், உளறல் வரும். விழிப்போடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

6. தண்ணீர், சாப்பாடு, வாய்

தாகம் எடுத்தால் குடிப்பார் என்று இருக்காதீர்கள். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். காலை, பத்து மணி, மதியம், நாலு மணி, இரவு என்று நேரம் வைத்து, டம்ளரைக் கையில் கொடுத்து, குடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேதி கண்டால் ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பொட்டலம். அது இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் கெடுதல்.

சாப்பாட்டில் இரண்டே கேள்வி: மெல்ல முடிகிறதா, புரதம் இருக்கிறதா. பல்செட் தொலைந்துபோனவருக்குக் கெட்டியான உணவுப் பொட்டலம் கொடுத்தால் அது தலையணைக்கு அடியில்தான் போகும். தட்டை வைத்துவிட்டுப் போகாமல், சாப்பிட்டு முடித்த தட்டைப் பாருங்கள். எவ்வளவு மீதம் என்பதை வைத்து நிறையச் சொல்லலாம். மெலிந்து தெரிபவருக்கு மேல்கையின் நடுவில் டேப்பால் சுற்றளவு எடுங்கள். முதியவர்களுக்கு 21 செ.மீ.க்குக் கீழே இருந்தால் ஊட்டக்குறைவு என்று எடுத்துக்கொண்டு கூடுதல் உணவுக்குப் பெயர் கொடுங்கள்.

வாய் சுத்தத்தைப் பற்றி முகாம்களில் யாரும் பேசுவதில்லை. ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு நிகழ்ந்த இறப்புகளில் நிமோனியா ஒரு பெரிய காரணம். வாயிலும் பல்செட்டிலும் பெருகும் கிருமி, எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவது அதற்கு வழி திறக்கிறது. ஆகவே பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குறைவு என்றால் ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறையும் நாக்கையும் துடைத்தாலே போதும். படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.

7. உட்கார வைத்தே பாதுகாக்காதீர்கள்

அன்பு மிகுதியில் செய்யும் தவறு இது. ‘நீங்க உட்காருங்க பாட்டி, நாங்க கொண்டு வர்றோம்’ என்று எல்லாவற்றையும் செய்து கொடுத்தால், ஒரு வாரத்தில் கால் தசை இளகிவிடும். தண்ணீர் பிடிக்கவோ காய் நறுக்கவோ குழந்தைகளைப் பார்க்கவோ முடிந்தவரிடம் அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். அவருக்கும் முகாமில் ஓர் இடம் கிடைக்கும்.

காரிலோ நெருக்கமான இடத்திலோ இரவு முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கலாம். குமமோட்டோவில் காரில் தூங்கியவர்களிடம் இது நடந்தது. மணிக்கு ஒருமுறை கணுக்காலை ஆட்டி, எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஒரே காலில் வீக்கமும் வலியும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் காலைத் தேய்த்துவிட வேண்டாம்.

படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் கீழ்ப்பகுதியில் அழுத்தினாலும் மறையாத சிவப்புத் தெரிகிறதா, கருமையான தோலில் நிறமாற்றமோ சூடோ இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். அது புண்ணின் முதல் படி.

8. நிவாரணம் கொடுக்கும் இடத்தை அவர்களுக்கு ஏற்ப மாற்றுங்கள்

தனி வரிசை, நிழல், உட்கார நாற்காலி, தண்ணீர். இது அடிப்படை. அடுத்தது எடை. ஒரே மூட்டையாகக் கட்டிய பொருளை வாங்கியவர் எப்படித் தூக்கிப் போவார்? பாதி பாதியாகப் பிரித்துக் கட்டுங்கள், அல்லது இருப்பிடத்துக்கே கொண்டுபோங்கள். வர முடியாதவர் சார்பில் வேறொருவர் வாங்கலாம் என்றால், அவர் பெயரைப் பதிவு செய்து, பொருள் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று வாரம் ஒருமுறை நேரில் கேளுங்கள்.

கைரேகை வைத்துப் பதியும் இடத்தில் இன்னொரு தடை. வயதிலும் உழைப்பிலும் தேய்ந்த விரலை மிஷின் ஏற்காது. ஒருவர் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, வெறுங்கையோடு போய்விடுவார். விரலைத் துடைத்து ஈரப்படுத்தி வேறு விரலை முயன்று பாருங்கள். அப்படியும் ஏற்காவிட்டால் அட்டையைப் பார்த்தோ சாட்சி வைத்தோ கொடுக்கும் மாற்று வழி அன்றைக்கே மேசையில் தயாராக இருக்க வேண்டும். போனுக்கு ஓடிபி வரும் முறையிலும் இதே கதைதான்.

கூலி வேலைத் திட்டமோ தொழில் உதவியோ வந்தால் 60 வயதுக்கு மேல் கிடையாது என்று கோடு போடாதீர்கள். அந்த வருமானத்தில்தான் பேரக்குழந்தைகளும் சாப்பிடலாம்.

9. திடீர்க் குழப்பம் வந்தால் நோயைத் தேடுங்கள்

நேற்றுவரை சரியாகப் பேசியவர் இன்று இடம் தெரியாமல் உளறினால் அது மறதி நோய் அல்ல, வயதும் அல்ல. உடம்பில் ஏதோ கோளாறு. ‘கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்க ஐயா’ என்று கேட்டுப் பாருங்கள். முன்பு சொல்லக்கூடியவருக்கு இப்போது கவனம் நிற்கவில்லை என்றால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். அதுவரை இவற்றைச் சரிபாருங்கள்: காய்ச்சல், தண்ணீர்க் குறைவு, சர்க்கரை, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, விட்டுப்போன அல்லது புதிதாகக் கொடுத்த மாத்திரை. கண்ணாடியும் காது மிஷினும் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

தூக்க மாத்திரை கொடுத்து அடக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பகலில் வெளிச்சம், இரவில் அமைதி. கையைக் கட்டவே கூடாது.

துக்கத்துக்கு வருகிறேன். வீட்டையோ துணையையோ பிள்ளையையோ இழந்தவரிடம் ‘அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களைச் சொல்கிறது: கவனித்துப் பார், காது கொடுத்துக் கேள், உதவியோடு இணைத்துவிடு. பல முதியவர்களுக்கு முதலில் வேண்டியது உறவினரிடம் ஒரு போன் பேசுவது. நம்பரை அழுத்திக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

10. தனியாகப் பேசுங்கள்

உதவித்தொகையைப் பிடுங்கிக்கொள்வது, திட்டுவது, பட்டினி போடுவது, பாலியல் தொல்லை எல்லாம் முதியவர்களுக்கும் நடக்கிறது. பெரும்பாலும் கூடவே இருப்பவர்தான் காரணம் என்பதால் அவர் எதிரில் கேட்டால் பதில் வராது. பெண்களிடம் பெண் தன்னார்வலர் பேசட்டும். ‘உங்க பணம் உங்க கையில இருக்காம்மா?’ என்ற எளிய கேள்வியில் ஆரம்பிக்கலாம். சந்தேகம் வந்தால் நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள், நீங்கள் போன பிறகு அடி அவருக்குத்தான் விழும். அவருடைய விருப்பத்தைக் கேட்டு, இப்படிப்பட்ட புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ரகசியமாகச் சொல்லுங்கள்.

11. வீடு திரும்பும்போது

முகாம் மூடும் நாளில் பலர் ‘போய்க்கிறேன்பா’ என்று கிளம்பிவிடுவார்கள். அனுப்பும் முன் ஒருவர் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும்: சுவர் நிற்கிறதா, மின்கசிவு உண்டா, கழிப்பறை வேலை செய்கிறதா, குடிதண்ணீர் எவ்வளவு தூரம். சேற்றையும் பூஞ்சையையும் அவர்களே வழிக்க விடாதீர்கள்.

இழப்பீட்டு விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். கையெழுத்து வாங்கும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டுங்கள். நகல் ஒன்று அவரிடமே இருக்கட்டும்.

கையில் 2 வாரத்துக்கு மாத்திரை, தொலைந்த கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் மாற்று, அடுத்து மருத்துவரைப் பார்க்கும் தேதி. இவை மூன்றும் இல்லாமல் பெயரைப் பட்டியலில் இருந்து அடிக்காதீர்கள். முதல் படியில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரில் எழுதிய இரண்டு பேரிடமும் தேதியைச் சொல்லி, பட்டியலின் ஒரு நகலை அந்தப் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். வீடு திரும்பிய மூன்றாம் நாளும் இரண்டாம் வாரமும் யார் போய்ப் பார்ப்பது என்பதை அப்போதே பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.